நாய் காலை இழுத்துக்கொள்ளட்டும்

நம் வீடுகளில் நாய்க்கு நகம் வெட்டுவது ஒரு ஆள் வேலையாக நடப்பது அபூர்வம். ஒருவர் கழுத்தைக் கட்டிக்கொள்வார், இன்னொருவர் காலைப் பிடிப்பார், மூன்றாமவர் நகவெட்டியும் கையுமாகக் குனிந்திருப்பார், வீட்டுப் பாட்டி கொஞ்சம் தள்ளி நின்று "அவ்ளோதான்டா கண்ணு, முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். முடிந்ததும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், நகவெட்டி அலமாரிக்குள் போய்விடும், எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கு நிம்மதி. அடுத்த முறை அலமாரிக் கதவு திறக்கும் சத்தத்துக்கே நாய் எழுந்து போய்விடும். பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கும். பழகப் பழக எளிதாக வேண்டிய வேலை செய்யச் செய்யக் கடினமாகிறது என்றால், அதைச் செய்யும் விதமே நாய்க்கு ஏதோ தவறான பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மாற்று ஒன்று உண்டு: தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்குங்கள். சரியான யோசனைதான், ஆனால் பாதி யோசனை. கோழித்துண்டு கையில் இருந்தும் நாய் காலை உருவிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவர்கள் ஏராளம். விடுபட்ட மீதிப் பாதி கேட்கும்போது கொஞ்சம் ஏறுக்குமாறாக இருக்கும்: நாய் எப்போது வேண்டுமானாலும் காலை இழுத்துக்கொள்ளலாம், இழுத்தால் நாம் விட்டுவிடுவோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல வழியுள்ள நாய்தான் நாளடைவில் "சரி" என்று காலை நீட்டும். இது செல்லம் கொடுப்பவர்களின் கொள்கை என்று ஒதுக்கிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஆய்வு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நாய்களை வைத்தே, கொடூரமாகவே, செய்யப்பட்டது.

அதற்கு முன் ஓர் அடிப்படைக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். "தெருநாய்க்கு யார் சார் நகம் வெட்டுறாங்க?" என்பது நியாயமான கேள்விதான். யாரும் வெட்டுவதில்லை, தார்ச்சாலையும் சிமென்டுத் தரையும் தேய்த்துவிடுகின்றன. ஒரு நாளில் பல கிலோமீட்டர் கரடுமுரடான தரையில் ஓடும் நாய்க்கு நகம் தானாகவே அளவோடு இருக்கும். அடுக்ககத்தில் டைல்ஸ் தரையில் படுத்துக்கொண்டு, காலையும் மாலையும் கால் மணி நேரம் கீழே போய்வரும் நாயின் கதை வேறு. நகம் நீண்டு, நிற்கும்போதே தரையைத் தொட ஆரம்பித்தால், ஒவ்வொரு அடியிலும் தரை நகத்தை மேலே தள்ளும், விரல் இயல்பான கோணத்தை விட்டு விலகும். பாதத்தின் மெத்தை தரையைச் சரியாகப் பற்றாததால் வழுக்கும். வயதான, மூட்டு வலியுள்ள நாய்க்கு இந்த வழுக்கல் சின்ன விஷயமில்லை. தவிர, முன்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது விரல், நிற்கும்போதும் நடக்கும்போதும் தரையில் பெரும்பாலும் படுவதே இல்லை. எவ்வளவு நடந்தாலும் அந்த நகம் போதுமான அளவு தேயாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். ஆக, வீட்டு நாய்க்கு நகம் வெட்டத்தான் வேண்டும். நாய்க்கு நாய் இடைவெளிதான் மாறும்.

நாய் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. நம் நகத்தின் ஓரத்தை வெட்டுவதோடு இதை ஒப்பிடக் கூடாது. நாயின் நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் ஓர் உயிர்ப்பகுதி இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் 'குவிக்' என்பார்கள். அதில் வெட்டு பட்டால் ரத்தம் வரும், நன்றாக வலிக்கும். வெள்ளை ராஜபாளையத்தின் வெளிர் நகத்தில் இந்தப் பகுதி வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்துவிடும். கறுப்பு லாப்ரடாருக்கோ டாபர்மேனுக்கோ வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டு முகத்தின் நடுவில் ஈரப்பதமான ஒரு கரும்புள்ளி தெரிகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். இன்னொன்று, நகத்தை நீளவிட்டால் உயிர்ப்பகுதியும் கூடவே முன்னேறி வரும். வருடத்துக்கு இரண்டு முறை "ஒரேயடியாக ஒட்ட வெட்டிவிடலாம்" என்று உட்காருபவர்கள் ரத்தம் பார்ப்பது இதனால்தான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் அது மெல்லப் பின்வாங்கும். தவறி வெட்டுப்பட்டால் பதறாமல், ரத்தம் நிறுத்தும் பொடியோ, அது இல்லையென்றால் சோளமாவோ வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ரத்தம் நின்றுவிடும், நாயின் நினைவு அப்படி நிற்காது.

வலியோடு வரும் பயம் ஒரே தடவையில் பதிந்துவிடக்கூடியது. அதை அழிக்கத்தான் பல தடவை வேண்டும். நமக்கு எரிச்சலூட்டும் இந்த ஏற்றத்தாழ்வு நாயின் குறை அல்ல; ஆபத்தை ஒரே அனுபவத்தில் கற்றுக்கொள்ளும் உயிர்தான் பிழைக்கும். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ் நாய்களின் எச்சிலைக் கொண்டு நடத்திய சோதனைகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: உணவுக்கு முன் ஒரு சத்தம் கேட்டால், நாளடைவில் சத்தத்துக்கே எச்சில் ஊறும். அவர் கவனித்த இன்னொரு விஷயத்தைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. பழக்கம் முழுக்க அழிந்துவிட்டது போலத் தெரிந்த பிறகும், கொஞ்ச காலம் விட்டுப் பார்த்தால் அது தானாகவே தலைகாட்டும். பயத்துக்கும் இதே கதைதான். இரண்டு வாரம் அழகாகக் காலைக் கொடுத்த நாய் ஒரு நாள் காரணமே இல்லாமல் பின்வாங்கினால், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, இன்னிக்கு வேணும்னே பண்ணுது" என்று கோபப்படுவோம். வேண்டுமென்று செய்ய அதில் எதுவும் இல்லை. பழைய பயம் எட்டிப் பார்க்கிறது. அன்றைக்கு இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் படிகளை முதலில் தெளிவாகக் கட்டிக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-இல் அவர் எழுதிய கட்டுரையில் பீட்டர் என்ற சிறுவன் வருகிறான். மூன்று வயதுகூட நிரம்பாதவன், முயலைக் கண்டால் நடுங்குவான். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருக்கும் முயலை அறையில் அவனுக்குத் தொந்தரவு தராத தூரத்தில் வைத்தார்கள். நாள் போகப் போக அவன் பொறுக்கும் அளவுக்கு மட்டும் அதை அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் விட்டான். இன்று நாய்ப் பயிற்றுநர்கள் சொல்லும் முறையின் எலும்புக்கூடு இதுதான்: பயப்படும் பொருளைப் பயம் வராத அளவுக்குச் சிறிதாக்கு, அதோடு நல்லதொன்றைச் சேர், அளவை மெல்லக் கூட்டு. அந்தக் காலத்திலேயே ஜோன்ஸ் ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்: அஜாக்கிரதையாகச் செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும், முயல் மேலிருந்த பயம் சாப்பாட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

கோழித்துண்டு வேலை செய்யாத வீடுகளில் நடப்பது துல்லியமாக இதுதான். வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் டப்பா திறக்கும், அவித்த ஈரல் வாசனை வரும், நாய் வாலாட்டிக்கொண்டு வரும், வந்ததும் பிடித்து உட்கார வைத்துக் காலில் நகவெட்டியை வைப்பார்கள். சாப்பாடு முதலில், கஷ்டம் பின்னால். ஈரல் டப்பா வந்தால் அடுத்து நகவெட்டி வரும் என்பதே நாய் படிக்கும் பாடம். நான்கைந்து முறைக்குப் பிறகு ஈரலைப் பார்த்தே ஒளிந்துகொள்ளும் நாய் உருவாகிவிடும். வீட்டில் "இதுக்கு ஈரலே பிடிக்கலப்பா" என்பார்கள். வரிசையைத் திருப்ப வேண்டும். நகவெட்டி முதலில் கண்ணில் பட வேண்டும், அதற்குப் பின் சாப்பாடு எங்கிருந்தோ வர வேண்டும், நகவெட்டி மறைந்ததும் சாப்பாடும் நின்றுவிட வேண்டும். முதல் சில நாள் நகவெட்டி தரையில் கிடப்பதோடு சரி, காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தனியே வேறொரு நேரத்தில் கால் பழக்கம்: தோளைத் தொட்டுத் துண்டு, முழங்காலைத் தொட்டுத் துண்டு, பாதத்தைத் தொட்டுத் துண்டு, விரலை லேசாக அழுத்தித் துண்டு. மூன்றாவதாகச் சத்தம். 'டக்' என்ற அந்தச் சத்தமே பல நாய்களுக்குத் தூக்கிவாரிப்போடும். விளக்குமாற்றிலிருந்து காய்ந்த தென்னை ஈர்க்கு ஒன்றை உருவி, நாய்க்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, நகவெட்டியால் அதைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு துண்டு சாப்பாடு. இந்த மூன்றும் தனித்தனியாகச் சலிப்புத் தட்டிய பிறகு சேர்க்கலாம். மொட்டை நகவெட்டி நகத்தை வெட்டுவதற்குள் நசுக்கும், அது தனி வலி. பழக்கத்தில் காட்டும் அக்கறையில் பாதியைக் கத்தியின் கூர்மையிலும் காட்ட வேண்டும்.

இவ்வளவும் சாப்பாட்டின் பங்கு. மறுக்கும் வாய்ப்பு ஏன் வேண்டும் என்பதற்குச் சான்று வேறோர் ஆய்வகத்தில் இருக்கிறது. படிக்கச் சங்கடமான ஆய்வு அது. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு, அதே நேரம் அதிர்ச்சி. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு இரண்டு குழுவையும், ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பித்துவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். நிறுத்தும் வழி தெரிந்திருந்த நாய்கள் குதித்துத் தப்பின. நிறுத்த வழியே இல்லாதிருந்தவற்றில் பெரும்பாலானவை குதிக்காமல் அங்கேயே படுத்து, முனகிக்கொண்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. பட்ட வலி இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டுப்பாடு கையில் இருந்ததா என்பது மட்டுமே வித்தியாசம். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல் அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் விளக்கத்தையே திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை, அது உடலின் இயல்பான எதிர்வினை. 'என்னால் இதை நிறுத்த முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார்கள். நகம் வெட்டுவதும் மின்னதிர்ச்சியும் ஒன்றில்லை, அந்த அளவுக்கு நான் இழுக்கவில்லை. ஆனால் நாலு பேர் அமுக்கியதும் திமிறுவதை நிறுத்தி மரக்கட்டை போலக் கிடக்கும் நாயைப் பார்த்து "பாருங்க, பழகிடுச்சு" என்று சொல்லும்போது நாம் எதைப் பழக்கம் என்று நினைக்கிறோம் என்பதை இந்த ஆய்வு கேள்வி கேட்கிறது.

மறுபக்கச் சான்று பிடித்து அமுக்கவே முடியாத விலங்குகளிடமிருந்து வருகிறது. கூண்டில் வாழும் யானைகளுக்குப் பாத நோய்கள் பெரிய பிரச்சினை. நகத்தையும் உள்ளங்காலையும் ஒழுங்காகச் சீவிப் பராமரிக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல உயிரியல் பூங்காக்களில் இன்று பராமரிப்பாளர் யானையோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. நடுவில் தடுப்புக் கம்பிகள் இருக்கும். யானை தானே வந்து, கம்பியின் இடைவெளியில் காலை வைக்கும். இவர் அரத்தால் நகத்தைத் தேய்ப்பார். யானைக்குப் போதுமென்றால் காலை எடுத்துக்கொண்டு போய்விடலாம். போகலாம் என்றாலும் பெரும்பாலும் போவதில்லை, ஏனென்றால் இருந்தால் பழம் கிடைக்கும், போனால் எதுவும் நடக்காது. டால்பின்கள் வாலை நீட்டி ரத்தம் எடுக்க விடுவதும் இதே முறையில்தான். நாய்களை நாம் அமுக்கிப் பிடிப்பதற்கு முக்கியமான காரணம், அவை அமுக்கிப் பிடிக்கும் அளவில் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

வீட்டில் நாய்க்கு 'வேண்டாம்' என்ற பொத்தானை எப்படிக் கொடுப்பது? சிராக் படேல் என்ற பயிற்றுநர் பிரபலப்படுத்திய 'பக்கெட் விளையாட்டு' இதற்கு எளிய வழி. ஒரு சின்ன வாளியிலோ கிண்ணத்திலோ சாப்பாட்டுத் துண்டுகளைப் போட்டு நாய்க்குத் தெரியும்படி பக்கத்தில் வைக்க வேண்டும். நாய் பாயாமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதிலிருந்து ஒரு துண்டு கிடைக்கும். இது பிடிபட்டதும், நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் நம் கை அதன் காலை நோக்கி நகரும். பார்வையை எடுத்தால், அந்த நொடியே கை நின்று பின்வாங்கும். திட்டு இல்லை, "வா வா" என்ற கெஞ்சலும் இல்லை; நாய் மறுபடி வாளியைப் பார்க்கும்வரை சும்மா இருப்பதுதான் வேலை. பார்த்தால் மீண்டும் தொடங்கலாம். இதற்குப் பதிலாகத் தாடையை ஒரு தலையணையில் வைக்கப் பழக்கலாம். தாடை அங்கே இருந்தால் சம்மதம், எடுத்தால் நிறுத்தம். எந்த வடிவமாக இருந்தாலும் உயிர்நாடி ஒன்றே: நாய் நிறுத்து என்றதும் நிஜமாகவே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு நகம் மட்டும் முடிச்சுடறேன்" என்று ஒரு தடவை இழுத்துப் பிடித்தால் அந்தப் பொத்தான் பொய் என்று நாய் தெரிந்துகொள்ளும். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் விஷயம் கெடுகிறது. முதல் நாலு நகம் அமைதியாக முடிந்ததும் நமக்குப் பேராசை வந்துவிடுகிறது.

பார்வையை எடுப்பதைத் தவிர நாய் சொல்லும் சிறு சிறு மறுப்புகளும் உண்டு. பசியில்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, காதுகளைப் பின்னால் மடித்துக்கொள்வது, மூச்சிரைப்பது சட்டென்று நின்று உடல் விறைப்பது. நாய்க்குப் பாதத்தின் மெத்தைகளில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. மருத்துவமனை மேசையில் ஈரக் காலடித் தடம் தெரிந்தால் நாய் பதற்றத்தில் இருக்கலாம். இந்தச் சின்ன மறுப்புகளை மதித்தால் பெரிய மறுப்புக்கு வேலை இருக்காது. உறுமலுக்கு அடி கொடுப்பது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம், மிக ஆபத்தானதும்கூட. அடித்தால் உறுமல் போகும், பயம் போகாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடி வரும். வெறிநாய்க்கடி நோய் இன்னும் மனிதர்களைக் கொல்லும் நாட்டில் இருந்துகொண்டு இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தோல் கிழியும்படி பல்லோ நகமோ பட்டால், வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது மறுப்புகளுக்கு வரலாம். முதலாவது, நேரம். "வேலைக்குப் போறவங்க, வாளியைப் பார்க்குதா வானத்தைப் பார்க்குதான்னு உட்கார்ந்திருக்க முடியுமா?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாய்க்குச் சாதாரணமாக முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு என்று 18 நகங்கள். நாளுக்கு ஒன்று என்று வெட்டினால் 18 நாளில் ஒரு சுற்று. முதல் நகத்துக்கு மறுபடி முறை வரும்போது ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருக்கும். பல வீட்டு நாய்களுக்குத் தேவையான இடைவெளியே அந்த அளவுதான். ஒரு நகத்துக்கு ஆகும் நேரம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம். 18 நகத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டி ஒரு போர் நடத்துவது நம் வசதிக்கு நாமே வைத்துக்கொண்ட வழக்கம். ஒரு நாள் நாய் வேண்டாம் என்றால் அன்றைக்கு ஒரு நகம் தள்ளிப்போகும், அவ்வளவே நஷ்டம். ஆரம்பப் பழக்கத்துக்கு வாரங்கள் பிடிக்கும் என்பது உண்மை, பழைய பயம் உள்ள நாய்க்கு மாதங்கள்கூட ஆகலாம். அந்தச் செலவு ஒரு முறைதான். பிடித்து அமுக்கும் செலவு நாய் இருக்கும்வரை மாதாமாதம் வரும்.

இரண்டாவது மறுப்பில் கொஞ்சம் மீசை இருக்கிறது. "விட்டுக்கொடுத்தா நாய் தலைமேல ஏறிக்கும். யார் எஜமான்னு அதுக்குத் தெரியணும்." இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்துவிட்டு, அவை தலைமைக்காகச் சண்டையிடுவதாக எழுதினார். 1970-இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய்கள் பற்றிய நூல் 'ஆல்ஃபா' என்ற சொல்லை ஊரெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மெக் காட்டில் ஓநாய்களைப் பல வருடம் நேரில் கவனித்து, 1999-இல் ஒரு கட்டுரையில் மறுத்தார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்; அங்கே யாரும் சண்டையிட்டுத் தலைமைக்கு வருவதில்லை. தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரிடமே கேட்டுக்கொண்டார். ஓநாய்களைப் பற்றியே தவறாகிப்போன ஒரு கருத்தை வைத்துக்கொண்டு, மனிதனோடு பல்லாயிரம் வருடம் வாழ்ந்த நாயின் கால் நகத்தில் அதிகாரத்தை நிறுவ வேண்டுமா? காலை இழுக்கும் நாய் ஆட்சியைக் கேட்கவில்லை. காலைத்தான் கேட்கிறது.

மூன்றாவது மறுப்புக்குக் கனம் அதிகம்: "மறுக்கலாம்னு தெரிஞ்சா எப்பவும் மறுத்துக்கிட்டேதானே இருக்கும்?" சாப்பாடு இல்லாமல் வெறும் மறுப்பை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும், அதனால்தான் இரண்டும் சேர்ந்தே வேண்டும். சாப்பாட்டை மட்டும் வைத்தால், பசிக்கும் பயத்துக்கும் நடுவில் நாயை இழுபறியில் விடுகிறோம். மறுப்பை மட்டும் வைத்தால், அது காலைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. இரண்டும் இருந்தால் நாய் தானே அளந்து பார்க்கிறது: இது எந்த நேரமும் நிற்கும், ஆகவே இது ஆபத்தில்லை, இருந்தால் ஈரல் வரும், ஆகவே இருக்கலாம். அப்படியும் தொடர்ந்து மறுக்கும் நாய், படி பெரிதாக இருக்கிறது என்று சொல்கிறது. நகத்தை வெட்டுவதிலிருந்து நகவெட்டியால் தொடுவதற்கு, தொடுவதிலிருந்து அருகே காட்டுவதற்கு இறங்க வேண்டும். சாப்பாட்டை லஞ்சம் என்று சொல்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நீங்களும் சம்பளத்துக்குத்தான் வேலைக்குப் போகிறீர்கள்.

"மாதம் ஒருமுறை கிளினிக்கிலோ க்ரூமிங் பார்லரிலோ விட்டுட்டா ரெண்டே நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்துடுறாங்க" என்பதும் ஒரு வழிதான். கைதேர்ந்தவர் கையில் வெட்டுப்படும் வாய்ப்புக் குறைவு, அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் இரண்டு நிமிடத்தில் முடிப்பது நாய் சம்மதித்ததாலா, நாய் உறைந்துபோனதாலா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உறைந்துபோன நாய் அடுத்த முறை அந்தத் தெரு முனையிலேயே உட்கார்ந்துவிடும். தடுப்பூசிக்குக் கூட்டிப்போவதும் அதோடு கெடும். பயம் முற்றிப்போன நாய்க்கு, போவதற்கு முன் வீட்டிலேயே கொடுக்கும்படி பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார்; தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்தும் வெட்டலாம். இதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. நகம் சதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மூன்று மாதம் பழக்க முடியாது. மயக்கத்தில் வெட்டிவிட்டு, விழித்த நாயோடு முதல் படியிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து மட்டும் எதையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம்.

நகவெட்டியையே சகிக்காத நாய்க்கு இன்னொரு வழி இருக்கிறது, என் வாதத்தின் சுத்தமான வடிவமும் அதுதான். ஒரு அகலப் பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்து வைத்து, நாயையே அதில் முன்னங்காலால் பிராண்டப் பழக்குவது. பிராண்டினால் துண்டு கிடைக்கும், பிராண்டாவிட்டால் ஒன்றுமில்லை. நாயின் காலை யாரும் தொடுவதே இல்லை. மண்ணைப் பறிக்கும் குணமுள்ள நாய்கள் இதைச் சில நாட்களில் பிடித்துக்கொண்டு, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. மிகையாகத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஐந்தாவது விரல் நகமும் பின்னங்காலும் இதில் சரியாகத் தேயாது என்பது குறை. மின்சாரத்தில் சுழலும் கிரைண்டர் கறுப்பு நகத்துக்கு வசதி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஆனால் அதிர்வும் சத்தமும் சூடும் புதிதாகப் பழக்க வேண்டிய மூன்று விஷயங்கள், நீண்ட முடியுள்ள நாய்க்கு முடி சிக்காமலும் பார்க்க வேண்டும்.

நாய்க்குட்டி இருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு, பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி புதியவற்றை எளிதாக ஏற்கும் காலம் என்று காட்டியது. அந்த வயதில் தினமும் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு கொடுத்தால் மேலே சொன்ன பாதி வேலை தேவைப்படாது. ஐந்து வயது நாயும் கற்றுக்கொள்ளும், மெதுவாக.

இவ்வளவுக்கும் பிறகு, அமுக்கிப் பிடித்தே ஆக வேண்டிய நாள் ஒன்று வரலாம். ஓடும்போது நகம் பிளந்து தொங்கும், ரத்தம் கொட்டும். அப்போது வாளியைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு துண்டால் சுற்றி, வாய்க்கட்டுப் போட்டு, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அந்த நேரத்தில் பழக்கத்துக்குப் பயன்படுத்தும் வாளியையும் விரிப்பையும் வெளியே எடுக்காதீர்கள். அவை இருக்கும் இடத்தில் கட்டாயம் இல்லை என்ற ஒப்பந்தம் கெடாமல் இருக்கட்டும். சம்மதம் கேட்டுப் பழகிய வீட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மாதக்கணக்கில் காலைத் தானே நீட்டிய நாய் ஒரு வாரமாக வலது முன்னங்காலை மட்டும் தர மறுத்தால், அது ஒரு தகவல். எப்போதும் திமிறும் நாயிடம் இந்தத் தகவல் கிடைக்காது. விரலிடுக்குகளை விலக்கிப் பாருங்கள்: முள், உண்ணி, வீக்கம், சீழ், நகத்தின் அடியில் விரிசல். எதுவும் தெரியாவிட்டால் நாய் நடப்பதைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். நொண்டல் லேசாகத் தெரிந்தாலும், வயது ஏறிய நாயாக இருந்தாலும், நகவெட்டியை வைத்துவிட்டு மருத்துவரிடம் மூட்டைக் காட்டுங்கள்.